இறுதியாட்டத்தில் என் மகனை உட்கார வைத்துவிட்டார்கள். பொறுப்பாசிரியர் செய்தது சரியா?

ஜெலுத்தோங் அப்பா (தொடக்கப் பதிவு)

எல்லாருக்கும் வணக்கம். என் மகன் ஐந்தாம் படிவம். பள்ளியின் 18 வயதுக்குட்பட்ட ஹாக்கி அணிக்கு அவன்தான் தலைவன். பினாங்குதான், பள்ளியின் பெயர் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மாவட்ட அரையிறுதி. ஒரு தீர்ப்பு பிடிக்காமல் நடுவரிடம் வாக்குவாதம் செய்தான். பச்சை அட்டை. இரண்டு நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே போனவன், நேராக அதே நடுவரிடம் போய்க் கையை நீட்டிப் பேசினான். மஞ்சள் அட்டை. வெளியே வரும்போது மட்டையை ஓங்கி அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஒரு அடி. நாற்காலியின் கால் ஒன்று முறிந்து தெறித்தது. வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்தது. தமிழில்தான் சொன்னான். நடுவர் வேறொரு பள்ளி ஆசிரியை. அவருக்கும் தமிழ் தெரியும்.

அவன் வெளியே இருந்த ஐந்து நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினோம். இருந்தும் 3-2 என்று ஜெயித்துவிட்டோம்.

மறுநாள் பொறுப்பாசிரியர் அவனைக் கூப்பிட்டு, "இறுதியாட்டத்தில் நீ ஆடவில்லை. சீருடை போட்டுக்கொண்டு அணியோடு வா, பெஞ்சில் இரு, பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடு" என்று சொல்லிவிட்டார். பெனால்டி கார்னர் (எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் கிடைக்கும் அடி வாய்ப்பு) அடிப்பவன் இவன்தான். இறுதியாட்டத்தில் ஐந்து கார்னர் கிடைத்தது, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. 2-1 என்று தோற்றோம்.

அன்று ராத்திரி பெற்றோரின் புலனக் குழுவில் பெரிய சண்டை. நானும் பத்து மணிக்கு ஆசிரியருக்கு அழைத்து அரை மணி நேரம் கத்தினேன். விளையாட்டு, சங்கம் போன்ற புறப்பாடத்துக்குப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 10 சதவீதம் இருக்கிறது. மாநில அளவுக்குப் போனால் அந்தப் புள்ளி ஏறும். பையனின் எதிர்காலத்தில் விளையாடுகிறீர்களா என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "சார், மூன்று வருடமாக அவனிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. ஆசிரியர் செய்தது சரியா? விளையாட்டு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கோல்கீப்பர்

அண்ணே, நான் உங்கள் பக்கம். பையன் செய்தது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் தண்டனை யாருக்குப் போனது? வருடம் பூராவும் காலை ஆறரை மணிக்கு வந்து ஓடிய மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் போனது. தலைவர் பட்டையைக் கழற்றுங்கள், ஒரு மாதம் எல்லாருடைய பிப்பையும் (பயிற்சி மேலாடை) துவைக்கச் சொல்லுங்கள், திடலைச் சுற்றிக் குப்பை பொறுக்கச் சொல்லுங்கள். இறுதியாட்டத்தில் கை வைக்கக் கூடாது.

நடுவர் மஞ்சள் காட்டினார், ஐந்து நிமிடம் வெளியே நின்றான், அணிக்கு ஒரு கோல் நட்டம். அந்தத் தண்டனை அங்கேயே முடிந்துவிட்டது. ஒரு குற்றத்துக்கு எத்தனை முறை?

பிறை டீச்சர்

பழைய கோல்கீப்பர் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். பதினோரு வருடமாக வலைப்பந்து அணிக்குப் பொறுப்பாசிரியை. ஒன்றைச் சொல்கிறேன், இதுவரை யாரிடமும் எழுதிச் சொன்னதில்லை.

என் அணியில் ஒரு மாணவி இருந்தாள், அபாரமாகக் கோல் போடுவாள். பயிற்சியில் மூன்றாம் படிவப் பிள்ளை ஒருத்தி பந்தைத் தவறவிட்டால் போதும், அவள் நிறத்தைச் சொல்லி எல்லார் முன்னாலும் பேசுவாள். இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தேன். மூன்றாவது முறை மாநிலப் போட்டி நெருங்கிவிட்டது. 'போட்டி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன். கிண்ணத்தோடு வந்தோம். முதல்வர் சபைகூடலில் பாராட்டினார். அதற்கு அடுத்த திங்கட்கிழமை அந்தச் சின்னப் பிள்ளை ஆசிரியர் அறைக்கு வந்து தன் ஜெர்சியை என் மேசைமேல் வைத்தாள். தேய்த்து, மடித்து, எண் மேலே தெரிகிற மாதிரி. "நன்றி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எந்த விளையாட்டுக்கும் அவள் வரவில்லை. கிண்ணம் இன்னும் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஜெர்சிதான் ஞாபகத்துக்கு வரும்.

அப்பா, உங்கள் ஆசிரியர் இறுதியாட்டம் என்று தெரிந்தேதான் அந்த முடிவை எடுத்திருப்பார். சாதாரண நட்பு ஆட்டத்தில் உட்கார வைப்பது சுலபம். எனக்கு அன்றைக்கு அந்தத் துணிவு இல்லை.

செந்தூல் வழக்கறிஞர்

நான் கோலாலம்பூர். இரண்டு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, இந்த விதி முன்கூட்டியே சொல்லப்பட்டதா? 'நடுவரை அவமதித்தால் அடுத்த ஆட்டம் இல்லை' என்று வருடத் தொடக்கத்தில் எழுதிக் கொடுத்து, பையனும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டிருந்தால் கேள்விக்கே இடமில்லை. சொல்லாமல் செய்திருந்தால் முடிவு சரியானதாகவே இருந்தாலும் முறை தவறு. மற்றது, முடிவெடுப்பதற்கு முன்னால் பையனை உட்கார வைத்து 'என்ன நடந்தது?' என்று கேட்டார்களா? கேட்ட பிறகு அதே முடிவு எடுத்திருந்தாலும் பரவாயில்லை. கேட்டாக வேண்டும்.

நம் பள்ளிகளுக்கு 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் இருக்கின்றன. இடைநீக்கம் வரைக்கும் அதிகாரம் தலைமையாசிரியரிடம் இருக்கிறது. ஆனால் அணித் தேர்வு வேறு விஷயம். அணியில் ஆடுவது கொடுக்கப்படுகிற வாய்ப்பு. வகுப்பில் உட்கார்ந்து படிப்பது உரிமை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

அமெரிக்காவில் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் ஒரு மாணவி பள்ளியின் மூத்த உற்சாகக் குழுவில் (சியர்லீடிங்) இடம் கிடைக்காத கோபத்தில், வார இறுதியில் கடையில் இருந்துகொண்டு ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தை போட்டுப் பதிவிட்டாள். பள்ளி அவளை ஒரு வருடம் குழுவிலிருந்து நீக்கியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-1 என்று மாணவிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பள்ளிக்கு வெளியே பேசுவதில் பள்ளிக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லவில்லை, வளாகத்துக்குள் இருக்கிற அளவுக்கு இல்லை என்றது. மிரட்டல், கொடுமைப்படுத்தல் என்றால் பள்ளி தலையிடலாம் என்ற வாசலையும் திறந்தே வைத்தது. இங்கே அந்தச் சட்டம் செல்லாது. ஆனால் யோசிப்பதற்கு நல்ல கோடு.

அப்பாவின் மகன் விஷயம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். சீருடையில், திடலில், நடுவர் முகத்துக்கு நேரே நடந்தது.

விசில் அக்கா

ஹாக்கி நடுவராக இருக்கிறேன். பழைய கோல்கீப்பர் அண்ணனுக்கு முதலில் பதில். பச்சை இரண்டு நிமிடம், மஞ்சள் குறைந்தது ஐந்து நிமிடம், சிவப்பு என்றால் அந்த ஆட்டம் முழுக்க இல்லை. இது ஆட்டத்தை நடத்துவதற்காக நடுவருக்குக் கொடுத்திருக்கிற கருவி. பள்ளி தன் மாணவனிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பது தனிக் கணக்கு. அப்புறம், ஹாக்கி விதிப் புத்தகத்திலேயே அணித் தலைவர்தான் தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேர் நடத்தைக்கும் பொறுப்பு என்று இருக்கிறது. பட்டை கட்டியிருக்கிறவனே மட்டையை ஓங்கினால் மற்றவனுக்கு யார் சொல்வது?

இனி சொல்லப் போவது கொஞ்சம் கஷ்டம். அப்பா மன்னிக்க வேண்டும். நீங்கள் எழுதிய ஆட்டம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நான் தொழில்நுட்ப மேசையில் உட்கார்ந்து நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். நடுவர் பச்சை காட்டுவதற்கு முன்னாலேயே கூரைக்குக் கீழிருந்து நீல டி-சட்டை போட்ட ஒருவர் "கண்ணு தெரியலையா, வீட்டுக்குப் போய்ச் சமையல் பண்ணு" என்று திரும்பத் திரும்பக் கத்தினார். பையன் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் நடுவரிடம் போனான். மஞ்சள் வாங்கி வெளியே வந்ததும் அவரிடம்தான் போய் நின்றான்.

அந்த நடுவருக்கு அது இரண்டாவது வருடம். ஆட்டம் முடிந்து கழிவறைக்குப் போய்க் கால் மணி நேரம் கழித்து வந்தார். அடுத்த ஆட்டத்துக்கு விசிலை வாயில் வைக்கும்போது கை நடுங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நெறியாளர்

பள்ளியின் பெயரை ஊகித்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். பிள்ளைகளை அடையாளம் காட்டும்படி யாரும் எழுத வேண்டாம்.

ஜெலுத்தோங் அப்பா

நீல டி-சட்டை நான்தான்.

காலையிலிருந்து நாலைந்து முறை எழுதி அழித்துவிட்டேன். தொடக்கப் பதிவில் அதை வேண்டுமென்று மறைக்கவில்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அது உண்மை இல்லை. மறைத்தேன். அக்கா, நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூடக் கூடுதல் இல்லை.

வழக்கறிஞர் கேட்டதற்கு: ஆமாம், வருடத் தொடக்கத்தில் ஒரு தாள் வந்தது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நேற்று மகனின் கோப்பில் தேடி எடுத்துப் படித்தேன். ஏழாவது வரியிலேயே இருக்கிறது, நடுவரையோ எதிரணியையோ அவமதித்தால் அடுத்த ஆட்டத்தில் இடமில்லை என்று. அதற்குக் கீழே பெற்றோருக்கும் ஒரு வரி இருக்கிறது. அதையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆசிரியர் அவனைக் கூப்பிட்டு நடந்ததைக் கேட்டாராம். அவன் "கோபத்தில் செய்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். நான் கத்தியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பழைய கோல்கீப்பர்

அண்ணே, இதை இங்கே எழுதியதற்கே பெரிய மனசு வேண்டும். தாள் கொடுத்து, ஏழாவது வரியில் இருந்தது என்றால் நான் முன்னால் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி இன்னும் என் மனதில் இருக்கிறது. அந்த மற்றப் பிள்ளைகள்.

படிவம்5 ஓட்டக்காரி

நான் மாணவி. 800 மீட்டர் ஓடுகிறேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

கோல்கீப்பர் அங்கிள், அந்த மற்றப் பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்து சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரு அண்ணன் இருந்தார். பயிற்சிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், வந்தாலும் தாமதம், அவர் பையில் வேப் (மின்சிகரெட்) இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதை விற்கவே கூடாது என்று 2024 அக்டோபரிலிருந்து சட்டமே இருக்கிறது. ஆனால் வேகமாக ஓடுவார். அதனால் யாரும் கேட்கவில்லை. தினமும் வந்த இன்னொருவர் மாற்று ஆட்டக்காரராகவே இருந்துவிட்டுப் பள்ளியை முடித்தார். எங்களுக்குத் தோற்பது பழகிவிடும். இது பழகவே இல்லை.

எங்களிடம் எப்போதும் 'நீங்கள் பள்ளியின் முகம்' என்று சொல்வார்கள். அதைக் கேட்டால் பயமாக இருக்கும். என்ன செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொன்னால் பயம் இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

கணக்கு வாத்தியார்

தங்கச்சி நன்றாக எழுதியிருக்கிறாய். இந்த இழையில் நடத்தையைப் பற்றியே பேசுகிறோம், படிப்பை யாரும் தொடவில்லை. என் வகுப்பில் மாநில ஆட்டக்காரர்கள் மூன்று பேர். பயிற்சி முகாம் முடிந்து வந்தால் இரண்டு வாரப் பாடம் போயிருக்கும். பாடம் விட்டுப்போனதைச் சொல்லவே கூச்சப்பட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில் 1984-இல் சட்டமே போட்டார்கள். ஏதாவது ஒரு பாடத்தில் 70 புள்ளிக்குக் கீழே போனால் ஆறு வாரம் போட்டியில் ஆட முடியாது. பிறகு 1995-இல் அதை மூன்று வாரமாகக் குறைத்தார்கள். அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலருக்குப் பள்ளிக்கு வருவதற்கே திடல்தான் காரணம். அதையும் பறித்தால் வராமலே போய்விடுவான். ஆனால் 'விட்டுப்போன பாடத்தை இத்தனை நாளுக்குள் ஆசிரியரிடம் கேட்டு முடிக்க வேண்டும்' என்று ஒரு விதி வைக்கலாம். ஆசிரியர்களும் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். நான் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கொடுக்கிறேன்.

நம் மாணிக்கவாசகம் ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கியவர். மருத்துவரும்கூட. 1968-இல் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரைக்கும் நின்றது. என் மாணவர்களில் பலருக்கு அவர் பெயரே தெரியவில்லை. சொன்னால் வாயைப் பிளந்து கேட்கிறார்கள்.

ஓட்டக்காரியின் அம்மா

நான் மேலே எழுதிய பிள்ளையின் அம்மா இல்லை, என் மகளும் ஓடுகிறாள். எல்லாரும் பிள்ளைகளின் நடத்தையைப் பற்றிப் பேசுகிறோம். பயிற்றுநரின் நடத்தைக்கு எங்கே தாள் இருக்கிறது?

என் மகளின் பழைய பயிற்றுநர் ராத்திரி பதினொன்றரைக்குத் தனியாக அவளுக்குச் செய்தி அனுப்புவார். முதலில் பயிற்சியைப் பற்றி. அப்புறம் 'சாப்பிட்டாயா', 'ஏன் இன்னும் தூங்கவில்லை'. அவள் பதில் போடாவிட்டால் மறுநாள் பயிற்சியில் முகம் கொடுக்க மாட்டார், கூடுதலாக நாலு சுற்று ஓடச் சொல்வார். அவள் என்னிடம் சொல்ல மூன்று மாதம் ஆனது. 'சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவாரோ' என்ற பயம். நான் பள்ளிக்குப் போய்ப் பேசினேன், அவரை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் இரண்டு பெற்றோர் என்னிடம் 'நல்ல கோச்சைத் துரத்திவிட்டீர்களே' என்று கேட்டார்கள்.

பிள்ளைகளிடம் 'பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே' என்று மட்டும் விதி எழுதினால் இதுதான் நடக்கும். எப்போது எதிர்த்துப் பேச வேண்டும், யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

பிறை டீச்சர்

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் பள்ளித் தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த வரி அதில் இல்லை. வெட்கமாக இருக்கிறது. இந்த வாரமே சேர்க்கிறேன்: பயிற்றுநர் தனியாக மாணவருக்குச் செய்தி அனுப்பக் கூடாது, எல்லாம் குழுவில்தான், குழுவில் ஆசிரியையும் ஒரு பெற்றோரும் இருப்பார்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்

ஒரு சின்னக் கேள்வி. என் தம்பி மகன் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தான். விரதம், கோயில் என்று ஒரு வாரம் பயிற்சிக்குப் போகவில்லை. 'ஒழுங்கீனம்' என்று முதல் பதினொருவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவது ஒழுங்கீனமா?

பிறை டீச்சர்

தைப்பூசம் என்றைக்கு என்று வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் இருக்கிறதே. முன்கூட்டியே பயிற்றுநரிடம் சொன்னானா? சொல்லியிருந்தால் எடுத்தது தப்பு, போய்ப் பேசுங்கள். சொல்லாமல் போயிருந்தால் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

செந்தூல் வழக்கறிஞர்

டீச்சர் சொன்னதுதான். விடுமுறை கேட்பதற்கும் காணாமல் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நோன்பு மாதத்தில் மலாய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நேரத்தை மாற்றிக் கொடுக்கிற பள்ளிகள் உண்டு. அதே அனுசரணையை நாமும் கேட்கலாம். மரியாதையாக, நேரத்தோடு கேட்க வேண்டும்.

விசில் அக்கா

ஜெலுத்தோங் அப்பா நான்கு நாளாக வரவில்லை. என் பதிவு கடுமையாகப் போய்விட்டதோ என்று கவலையாக இருக்கிறது. அப்பா, நீங்கள் ஒப்புக்கொண்டது சின்ன விஷயம் இல்லை. பதினாறு வருடம் திடலில் நிற்கிறேன், கத்திய பெற்றோர் ஒருவர்கூட இதுவரை என்னிடம் 'நான்தான்' என்று வந்து சொன்னதில்லை.

ஜெலுத்தோங் அப்பா

அக்கா, கடுமை இல்லை. வேலையும், மனசை ஒழுங்குபடுத்த வேண்டியதும் இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பொறுப்பாசிரியரைப் போய்ப் பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார். இறுதியாட்டத்தன்று அவரும் ராத்திரி தூங்கவில்லை என்றார். அந்த நடுவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன், அவரே பேசி ஏற்பாடு செய்தார்.

சனிக்கிழமை நானும் மகனும் போனோம். அவன் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தான். மூன்று முறை எழுதினான் என்று அவன் அம்மா சொன்னாள். ஆனால் முதலில் நான் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். "டீச்சர், அன்றைக்குக் கத்தியது நான். இவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் அப்படி என்னைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. டீச்சர் கடிதத்தை வாங்கி அங்கேயே படித்தார், மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "கார்னர் அடிக்கும்போது உன் இடது கால் முந்திப் போகிறது, அதைச் சரி பண்ணு" என்றார்.

மாவட்டத் தேர்வுப் பட்டியல் நேற்று வந்தது. அவன் பெயர் இல்லை. அழவில்லை. அணியில் அடுத்த வருடம் கார்னர் அடிக்கப் போகிற நான்காம் படிவப் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு, வாசல் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து அவன் மட்டைக்கு கிரிப் டேப் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். 'இங்கே கொஞ்சம் தடிமனாக வேண்டும், இல்லாவிட்டால் கை வழுக்கும்' என்று விளக்கம் வேறு.

அப்புறம் அந்த நாற்காலி. திடலின் சொத்து, யாரும் எங்களிடம் கேட்கவில்லை. மகன்தான் சொன்னான். அவன் சேமிப்பிலிருந்தே காசு எடுத்தான், பதினெட்டு வெள்ளி. மோட்டார் சைக்கிளில் எனக்கும் அவனுக்கும் நடுவில் நாற்காலியை வைத்துப் பிடித்துக்கொண்டு போனோம். திடலைப் பார்த்துக்கொள்கிற மலாய்க்காரப் பெரியவர் அதை வாங்கி, ஒரு முறை தான் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தொழில்நுட்ப மேசைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார்.

அக்கா, அடுத்த முறை நீங்கள் அங்கே நேரம் குறிக்க வந்தால், வெள்ளை நாற்காலி.